குட்டித் தேஜஸ்: ஒரு பெயிண்ட் கணக்கு

நம்ம சூலூர் விமானப்படைத் தளத்தில் 2020 மே 27-ல் 18-ஆம் படைப்பிரிவு தேஜஸ் போர் விமானங்களோடு செயல்பாட்டுக்கு வந்தது. அந்தத் தேஜஸை 1/72 அளவு பிளாஸ்டிக் மாடலாக்கினால்? நான் கணக்குப் போட்டேன். நிஜ நீளம் 13.2 மீட்டர். மாடலில் சுமார் 18 செ.மீ. தானுங்க! 6 அடி பைலட் 1 அங்குலம் ஆயிருவார்.

பாகங்களை வெட்டி ஒட்டுறது சுலபம். பெயிண்டுதான் கஷ்டம். மாடல்மேல 0.2 மி.மீ. தடிமனாகப் பூசினால், நிஜ விமானத்தில் அது 14.4 மி.மீ.! சுவருக்குச் சாந்து பூசின மாதிரி. தகடுகள் சேரும் கோடெல்லாம் மூழ்கிப்போகும். அதனால பெயிண்டை நீர்க்கக் கரைச்சு, மெல்லிசா ஒரு பூச்சு. நல்லாக் காஞ்ச பொறவு இன்னொண்ணு. அவசரக்காரங்களுக்கு இந்த வேலை ஆகாது.

மூவர்ண வட்டச் சின்னத்தைக் கடைசியில், தண்ணியில ஊறவெச்சு, தாளிலிருந்து மெதுவா நகர்த்தி ஒட்டணும்.