காசோலை எங்கும் போகவில்லை

கேள்வி: ஜவுளி வியாபாரம் செய்கிறேன். சரக்கு வாங்கியவர் கொடுத்த காசோலை, கணக்கில் பணமில்லாமல் திரும்பியதாகக் கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தது. அவருடைய வங்கியிலிருந்து காசோலை வரட்டும் என்று நாற்பது நாட்களுக்கு மேல் காத்திருந்தேன். இப்போது விசாரித்தால், அது என் கிளையிலேயே இருக்கிறதாம். வழக்குப் போடலாமா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: காசோலை ஊர் ஊராய்ப் பிரயாணம் செய்து, பணமில்லையென்றால் வந்த வழியே திரும்பிய காலம் மலையேறிவிட்டது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணங்கள் சட்டத்தில் 2002-ல் செய்த திருத்தம் இடமளித்ததன் பயனாக, இன்று காகிதம் தாங்கள் செலுத்திய வங்கியிடமே தங்கிவிட, அதன் படம் மாத்திரமே மின்னணு வழியாக எதிராளியின் வங்கிக்குச் செல்கிறது; 2025 அக்டோபர் முதல், பணம் உண்டா இல்லையா என்பதை அவ்வங்கி அன்றைய தினமே தெரிவித்தாக வேண்டும். ஆகவே, புறப்படாத ஒன்றின் வரவை எதிர்நோக்கித் தாங்கள் அமர்ந்திருக்க, சட்டம் தந்த அவகாசம் ஓடிக்கொண்டிருந்தது.

138-ஆம் பிரிவின்படி, காசோலை திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். குறுஞ்செய்தி அத்தகைய தகவலாகுமா என்பது வாதத்துக்கு இடமுள்ள விஷயமே. ஆயினும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடித்துக்கொள்ளப் போவது அந்தத் தேதியைத்தான். பிராது கொடுப்பதில் நேர்ந்த தாமதத்தைத் தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் மன்னிக்கலாம். நோட்டீஸ் தாமதத்துக்கு அந்தத் தயவும் கிடையாது.

இனி எல்லாம் காசோலையின் தேதியைப் பொறுத்தது. அதைத்தான் தாங்கள் எழுதவில்லை! ரிட்டர்ன் மெமோவின் நகலும் இல்லை, பில்லும் இல்லை. குறுஞ்செய்தி வந்த தேதிகூட இல்லை. நோயைச் சொல்லாமல் மருந்து கேட்பது வியாபாரம் தெரிந்தவர் செய்கிற காரியமா?

காசோலைத் தேதியிலிருந்து மூன்று மாதம் முடியாதிருந்தால், கடைசி நாள்வரை தாமதியாமல் அதை மறுபடியும் வங்கியில் செலுத்துங்கள். முதல் தடவை நோட்டீஸ் விடுபட்டிருந்தாலும், அடுத்த தடவை திரும்பியதை ஆதாரமாகக் கொண்டு முறைப்படி நோட்டீஸ் அனுப்பி வழக்குத் தொடரலாம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நோட்டீஸ் பெற்ற 15 நாட்களுக்குள் அவர் பணம் தராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் பிராது கொடுக்க வேண்டும்.

மூன்று மாதம் கடந்திருந்தால் குற்ற வழக்கை மறந்துவிட்டு, பணத்துக்குச் சிவில் வழக்கைத்தான் நாட வேண்டும். அதற்குரிய மூன்றாண்டு எத்தேதியில் தொடங்குகிறது என்பதைத் தங்கள் பில்களைப் பாராமல் நான் சொல்வதற்கில்லை. கிளைக்குச் சென்று காசோலையையும் மெமோவையும் பெற்றுக்கொண்டு, நாளையே ஒரு வக்கீலை நேரில் பாருங்கள்.