'பாய்காட்' யார்?

கேள்வி: 'பாய்காட்' என்ற ஆங்கிலச் சொல் எப்படி வந்தது? அதை எங்கே பயன்படுத்தலாம்?

பதில்: அது ஒரு மனிதரின் பெயர். சார்லஸ் பாய்காட், அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களைக் கவனித்த ஏஜென்ட். 1880-இல் விளைச்சல் சரியில்லாததால் குத்தகையைக் குறைக்கச் சொன்ன குடியானவர்களை வெளியேற்ற முனைந்தார். அரசியல் தலைவர் பார்னெல் தலைமையில் குடியானவர்களுக்காகப் போராடிய நிலச் சங்கம் காட்டிய வழி அடிதடி அல்ல, ஒதுக்கிவைத்தல். கூலியாட்கள் வயலைவிட்டுப் போனார்கள். கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள். கடைசியில் வடக்கிலிருந்து 50 பேர் வந்து அறுவடை செய்தார்கள். அவர்களுக்குக் காவலாகச் சுமார் ஆயிரம் சிப்பாய்களும் போலீஸாரும்! விளைச்சலின் மதிப்பைவிடக் காவல் செலவு பல மடங்கு. டிசம்பரில் பாய்காட் அயர்லாந்தைவிட்டே கிளம்பினார். கையில் ஒன்றுமில்லாத ஏழைகள் சாதித்தது இது. நினைக்க நினைக்க வியப்புதான்.

அதற்குள் அவர் பெயர் பத்திரிகைகளில் சொல்லாகிவிட்டது. பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளும் எடுத்துக்கொண்டன. ஆங்கிலத்தில் பெயராகவும் வினையாகவும் வரும். தேர்தல், கூட்டம், சரக்கு எதையும் பாய்காட் செய்யலாம். ஆனால் பிடிக்காத கடைக்கு நீங்கள் மட்டும் போகாமலிருந்தால் அதற்கு இந்தச் சொல் பொருந்தாது என்பேன். பலர் கூடி, காரணத்தை அறிவித்து விலக வேண்டும். 1905 ஆகஸ்டில் கல்கத்தா டவுன் ஹாலில் அந்நியப் பொருள்களுக்கு எதிராக நிறைவேறிய தீர்மானம் அப்படிப்பட்டது.