ஸ்பின்னிங் மாஸ்டர் ஆகப்போகும் மருமானுக்கு



உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. ஒன்பது வருஷ காலம் ஷிப்டு சூப்பர்வைசராக உழைத்த உன்னைக் கோயம்புத்தூர் ஆலை ஒன்று ஸ்பின்னிங் மாஸ்டர் பதவிக்குப் பேட்டி காண அழைத்திருக்கிறது என்று படித்து நானும் உன் மாமியும் ஆனந்தம் அடைந்தோம். ஆனால், 'எந்தெந்தப் புஸ்தகங்களைப் படிக்கட்டும்?' என்று நீ கேட்டிருந்த இடத்தில் சற்றே நின்றுவிட்டேன். ஏனெனில், பல வருஷங்களுக்கு முன் இதே கேள்வியோடு ஓர் ஆலையின் பேட்டிக்குப் புறப்பட்டுப் போய், வெறுங்கையோடு திரும்பியவன் நான்.

அந்த ஆலையின் பெயர் இப்போது எதற்கு? 40-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் வீதம் 40 சிட்டங்கள், ஆக 33,600 கஜம் என்பது முதல், ப்ளோ ரூமில் நுழைந்த பஞ்சு கோன் வைண்டிங்கை எட்டும் வரை உள்ள கணக்கெல்லாம் எனக்கு அன்று மனப்பாடம். மேஜைக்கு அப்பால் அமர்ந்திருந்த பெரியவரோ அவற்றில் ஒன்றையும் தொடவில்லை. "உங்கள் இரவு ஷிப்டில் எத்தனை பேர்?" என்றார், சொன்னேன். "நீங்கள் வராத நாளில் அந்த ஷிப்டை நடத்தக்கூடியவர் அவர்களில் யார்?" என்றார், விழித்தேன். அப்படி ஒருவரையும் நான் உண்டாக்கி வைக்கவில்லை என்பதும், என்னால்தான் எல்லாம் நடக்கிறது என்று அதுவரை நான் பாராட்டி வந்த பெருமைதான் என் பெருங்குறை என்பதும், திரும்பி வரும் பஸ்ஸில்தான் புத்தியில் உறைத்தது.

ஆகவே புஸ்தகத்தை மூடிவிட்டு ஒரு நோட்டை எடுத்துக்கொள். இந்த ஒன்பது வருஷத்தில் நீ மனிதர்களோடு பட்ட பாடுகளை, யாரிடம், எப்போது, என்ன சொன்னாய், ஒரு மாசம் கழித்து என்ன ஆயிற்று என்ற விவரங்களோடு அதில் எழுது. கெட்டுப்போன காரியங்களை முதலில் எழுது. புது மெஷினைத் தொடமாட்டேன் என்று முரண்டு பிடித்த மேஸ்திரியைப் பற்றிப் போன தீபாவளிக்கு வந்தபோது சொன்னாயே, அது ஐந்து பாடப் புஸ்தகங்களுக்குச் சமானம். ஆனால் அதைச் சொல்லும்போது, வெற்றிக்கு 'நான்', தோல்விக்கு 'அவர்கள்' என்று நாக்கு தானாகவே பங்கு பிரித்துவிடும். கேட்பவர்கள் முதலில் கவனிப்பது அதைத்தான்.

இரவு ஷிப்டில் நூல் அறுப்பு அதிகரித்தால் என்ன செய்வீர் என்று நிச்சயம் கேட்பார்கள். நீ இஞ்சினீயரிங் படித்தவனாகையால், ஈரப்பதம் 55 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்கும், டிராவலர் தேய்ந்திருக்கும் என்று உடனே வைத்தியம் சொல்லத் துடிப்பாய். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தரும் ஈரம் மாசி பங்குனியில் இருப்பதில்லை என்பதும் மெய்தான். ஆயினும், எல்லா மெஷினிலுமா ஒரு மெஷினிலா, மிக்ஸிங் மாறிய நாளிலிருந்தா, பொங்கலுக்கு ஊருக்குப் போன சைடர்கள், அதாவது மெஷின் பார்க்கும் தொழிலாளர்கள், திரும்பாமல் பழக்கமில்லாதவர்களை நிறுத்தியதிலிருந்தா என்று விசாரித்துவிட்டு விடைக்கு வருகிறவனே நிர்வாகி. ஒடிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் நிற்கும் கூடத்தில் அந்த விசாரணையை எந்தப் பாஷையில் நடத்துவாய் என்றும் கேட்கலாம். நாலு வார்த்தை ஹிந்தி கற்றதை மறைக்காதே.

கணக்கும் வேண்டும், ஆனால் முதலாளியின் கணக்கு. நூலின் அடக்க விலையில் பாதிக்கு மேல் பஞ்சு விலையே. தினம் 10,000 கிலோ பஞ்சு போடும் ஆலையில் கழிவு நூற்றுக்கு ஒன்று குறைந்தால் 100 கிலோ நூல் மிச்சம். 350 நாள் ஓடினால் 35,000 கிலோ. உன் ஷிப்டின் எண்களை, 1956-இல் தோன்றிய நம் ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா வெளியிடும் ஒப்பீடுகளோடு வைத்துப் பார்த்துக்கொண்டு போ. சட்டத்தில், 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவன் நான். இன்றோ 29 மத்தியச் சட்டங்களை நான்கே தொகுப்புகளாக்கிவிட்டார்கள். அவற்றைத் தெரிந்துகொள்ள உங்கள் ஆபீஸ் லேபர் ஆபீசரோடு ஒரு சாயங்காலம் டீ குடித்தால் போதும்.

உடுப்பு சுத்தமாக இருந்தால் சரி. சம்பளம் அவர்களாகக் கேட்கும்போது ஒரு தொகையைச் சொல்லிவிட்டு மௌனமாக இரு. கடைசியில், ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். இதற்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் ஏன் போனார் என்று மரியாதையாகக் கேள். பதில் வரும் தினுசிலேயே பாதி ஆலை தெரிந்துவிடும்.

பேட்டி வியாழக்கிழமை காலை என்று எழுதியிருக்கிறாய். புதன்கிழமை உனக்கு இரவு ஷிப்டு அல்லவா? லீவு போட்டுவிட்டு நன்றாகத் தூங்கு. ஷிப்டை யாரிடம் ஒப்படைத்தாய் என்பதை மட்டும் எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் மாமா