இராமலிங்க விலாசம்: சுவரில் ஒரு பாடம்

சேதுபதிகள் மீது எழுந்த சிற்றிலக்கியங்களை ஒரு தாளிலும் சீறாப்புராணத்தைப் பிறிதொரு தாளிலும் கற்பிக்கிறோம். இரண்டும் ஒரே சீமையின் ஆதரவில் வளர்ந்தவை என்பது மாணவர் நெஞ்சில் எளிதில் பதிவதில்லை. அதனைக் கண்ணாரக் காட்டவே இறுதியாண்டு மாணவருடன் இராமநாதபுரம் அரண்மனைக்கு ஒருநாள் சென்று வந்தோம்.

போகலூரிலிருந்து தலைநகரை இங்கு மாற்றியவர் கிழவன் சேதுபதி எனப்படும் இரகுநாத சேதுபதி. 1710இல் மறைந்த அவர் எழுப்பியதே அரண்மனை வளாகத்துள் உள்ள இராமலிங்க விலாசம். அதன் கட்டுமானத்திற்குக் கீழக்கரை வள்ளல் சீதக்காதி துணைநின்றார் என்பது வழிவழிச் செய்தி. செவிவழிச் செய்தியைக் கல்வெட்டுச் சான்றுபோல் எழுதலாகாது என்று மாணவரிடம் அங்கேயே கூறினோம். ஆயினும் சேதுபதியின் வணிகத்தை நடத்திய பெரியதம்பி மரைக்காயரின் பெயர் ஒல்லாந்தர் ஆவணங்களில் உள்ளது. அவரே சீதக்காதி என்பார் உளர்.

விலாசத்தின் செல்வம் அதன் சுவரோவியங்களே. முத்து விசயரகுநாத சேதுபதி காலத்தவை; 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. இராமகாதை, கண்ணன் லீலை, தஞ்சை மராட்டியருடன் நடந்த போர், ஐரோப்பியரை அரசர் வரவேற்கும் காட்சி எனச் சுவர் முழுதும் விரிகின்றன. உடையிலும் அணியிலும் முகலாயச் சாயல் தெரிகிறது. சில இடங்களில் நிறம் மங்கிவிட்டது. அருகில் நின்று தொட்டுப் பார்க்க முனைந்தோரைத் தடுக்க வேண்டியிருந்தது.

“இராமகாதை தீட்டிய மாளிகைக்கு மரைக்காயர் ஒருவர் துணைநின்றிருப்பாரா, ஐயா?” என்று மாணவி ஒருவர் வினவினார். நல்ல வினா. சேதுபதிகள் பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் நிலம் வழங்கியதைச் செப்பேடுகள் கூறுகின்றன, டாக்டர் எஸ். எம். கமால் அவற்றைத் தொகுத்து நூலாக்கியுள்ளார். படிக்காசுப் புலவர் சீதக்காதியைப் பாடினார். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் ஆசான் எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவர். சீதக்காதி மறைந்தபின் அக்காப்பியம் அரங்கேறப் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் பொருள் தந்தார். மூன்று காண்டம், ஐயாயிரத்திற்கு மேற்பட்ட விருத்தம்! வள்ளல்களின் கொடை இன்றேல் நமக்கு அது கிட்டியிராது.

பிற்பகலில் கீழக்கரை சென்றோம். சீதக்காதி அடங்கியுள்ள பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களைக் கண்டதும் மாணவர் தாமே குறிப்பேட்டை விரித்தனர். காலையில் கண்ட விலாசத்துத் தூண்களோடு அவற்றை ஒப்பிட்டு ஒவ்வொருவரும் இரண்டு பக்கம் எழுதித் தருமாறு பணித்தோம்.