பளபளப்புக்கு அடியில என்ன இருக்கு? சைக்கிளுக்கு அக்கா தரும் டிப்ஸ்

சைக்கிள் வாங்கப் போனா நம்ம கண்ணு முதல்ல கலருக்கும் மினுமினுப்புக்கும்தான் போகும். ஆனா கடையில ஒரே மாதிரி மின்னுற நாலு பாகம் ரெண்டு மழைக்காலம் தாண்டினதும் நாலு விதமா நிக்கும். ஒண்ணுல துருப்புள்ளி, ஒண்ணுல வெள்ளைப் பொடி, ஒண்ணு சாயம் வெளுத்திருக்கும், ஒண்ணு மட்டும் வாங்கின மாதிரியே இருக்கும். மேல பூசினது என்ன, அடியில இருக்கிற உலோகம் எதுன்னு தெரிஞ்சா, எதைத் துடைக்கணும், எதைக் கண்டுக்காம விடணும்னு தெளிவாயிடும். நாகை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காத்து அடிக்கிற ஊர்ல இருக்கிற தங்கச்சிங்க, தம்பிங்க இன்னும் கொஞ்சம் கவனமா படிங்க.

1. குரோம்: ஹேண்டில்பார், ஸ்டீல் ரிம், பெல்

வெளியே மின்னுற குரோம் பூச்சு பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட இருக்காது. அதாவது ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குக்கும் கம்மி. இரும்பைக் காப்பாத்துறது அதுக்கு அடியில இருக்கிற நிக்கல்தான். அந்த நிக்கல் மெலிசா இருந்தா, கண்ணுக்குத் தெரியாத துளை வழியா உப்பும் ஈரமும் இறங்கி, ஊசிமுனை அளவுக்குப் பழுப்புப் புள்ளி கிளம்பும்.

• புள்ளியா இருக்கும்போதே பிடிச்சிடுங்க. அலுமினிய ஃபாயிலைக் கசக்கி, தண்ணில நனைச்சு, மெதுவா தேய்ங்க. அலுமினியம் குரோமைவிட மென்மையானது, அதனால கீறல் விழாது. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைக் கிட்டவே கொண்டு போகாதீங்க.

• ஈரம் போகத் துடைச்சிட்டு, துணில ரெண்டு சொட்டு மெஷின் ஆயில் விட்டுப் பூசுங்க. ரிம்ல பிரேக் கட்டை உரசுற இடத்துல மட்டும் எண்ணெய் படவே கூடாது. பிரேக் பிடிக்காது.

• கைப்பிடி கிரிப் கிழிஞ்சிருந்தா உடனே மாத்துங்க. உள்ளே இறங்கின வியர்வை உப்பு, வெளியே தெரியாமலே பைப்பை அரிச்சிடும்.

2. பவுடர் கோட்டிங்: பிரேம், கேரியர், கூடை

பொடியைத் தூவி, ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டுல உருக்கி ஒட்ட வைக்கிற பூச்சு இது. குரோமைவிடப் பல மடங்கு தடிமன். வெயிலையும் மழையையும் நல்லாவே தாங்கும், அடி பட்டாத்தான் தாங்காது. ஒரு சின்னச் சில்லு பெயர்ந்தாலும் அந்த வழியா தண்ணி இறங்கி, பூச்சுக்கு அடியிலேயே துரு பரவும். கொப்புளம் மாதிரி உப்பினா உள்ளே வேலை நடக்குதுன்னு அர்த்தம்.

• பூட்டுச் சங்கிலி இடிக்கிற இடத்துலயும், பிரேக் ஒயர் பிரேமை உரசுற இடத்துலயும் பழைய டியூப் துண்டைச் சுத்தி வைங்க. பஞ்சர் கடையில சும்மாவே கொடுப்பாங்க.

• சில்லு பெயர்ந்த இடத்தை உப்புத்தாளால தேய்ச்சு, இரும்பு பளிச்சுனு தெரிஞ்சதும், ஈரமில்லாம பார்த்து, அதே கலர் நெயில் பாலிஷ் ரெண்டு கோட் போடுங்க. துருவுக்கு மேலேயே பூசினா காசும் பாலிஷும் வீண்.

3. அனோடைஸ் பண்ணின அலுமினியம்: அலாய் ரிம், கலர் ஹப்

இது வெளியே இருந்து பூசினது இல்ல. மின்சாரம் பாய்ச்சி, அலுமினியத்தோட மேல்பரப்பையே கெட்டியான ஆக்ஸைடா மாத்துறாங்க. அதனால பெயின்ட் மாதிரி உரியாது. கலர் மட்டும் அதுக்குள்ள ஊறின சாயம். சிவப்பு, பிங்க், ஊதா எல்லாம் வெயில்ல சீக்கிரம் வெளுக்கும். சைக்கிளை நாள் முழுக்க வெயில்ல நிறுத்துறவங்க சாயம் ஏத்தாத வெள்ளி நிறத்தையே எடுங்க, வெளுக்கிறதுக்கு அதுல எதுவும் இல்ல.

• சலவை சோடா, சாம்பல், காரமான சோப்புப் பொடி இதுக்கு ஆகாது. அந்த ஆக்ஸைடையே கரைச்சுடும். பச்சைத் தண்ணியும் கொஞ்சம் ஷாம்பூவும் போதும்.

• கருப்பு ரிம்ல பிரேக் கட்டை உரசுற இடம் வெள்ளியா மாறினா பதறாதீங்க, பூச்சு தேய்ஞ்சிருக்கு, அவ்வளவுதான். ஆனா விரல் வச்சுப் பார்க்கும்போது அந்த இடம் குழிவா தெரிஞ்சா, ரிம்மே தேய்ஞ்சு மெலிஞ்சிருக்கு. மாத்திடணும்.

4. துத்தநாகப் பூச்சு: நட்டு, போல்ட்டு, விலை குறைஞ்ச ஸ்போக்ஸ்

பார்க்க மங்கலா இருந்தாலும் இதை மட்டமா நினைக்காதீங்க. துத்தநாகம் தான் அரிபட்டு, அடியில இருக்கிற இரும்பைக் காப்பாத்தும். வெள்ளைப் பொடி பூத்தா துத்தநாகம் கரைய ஆரம்பிச்சிருக்கு. உலரத் துடைச்சு லேசா எண்ணெய் போடுங்க. பழுப்பு தெரிஞ்சா அந்த இடத்துல துத்தநாகம் தீர்ந்துபோச்சு.

• பித்தளைக் குத்துவிளக்கு தேய்க்கிற பழக்கத்துல புளியோ எலுமிச்சையோ போட்டுடாதீங்க. புளிப்பு துத்தநாகத்தைக் கரைச்சிடும். அன்னைக்குப் பளிச்சுனு இருக்கும், அடுத்த மழையிலேயே துரு பிடிக்கும்.

5. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: நல்ல ஸ்போக்ஸ்

மேல எந்தப் பூச்சும் இல்ல. உலோகமே தன் மேல உண்டாக்கிக்கிற மெல்லிய படலம்தான் இதுக்குக் காப்பு. கீறல் விழுந்தாலும் அந்தப் படலம் தானாவே திரும்ப உருவாகிடும். சக்கரம் கட்டுற வேலை வந்தா கூடுதல் காசை இதுல போடுங்க. காந்தம் வச்சுப் பார்த்து லேசா ஒட்டுச்சுன்னு கடைக்காரரோட சண்டைக்குப் போகாதீங்க. கம்பியா இழுக்கும்போது ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் கொஞ்சம் காந்தத்தன்மை வரும்.

6. செயினும் கிராங்க்கும்

செயினுக்கு மேல நிக்கல் மின்னினாலும், தேய்மானம் நடக்கிறது உள்ளே இருக்கிற பின்லயும் ரோலர்லயும்தான். அங்கே எண்ணெய் மட்டும்தான் காப்பு. எண்ணெய் விட்டு, மேல வழியிறதைத் துடைச்சிடுங்க, இல்லைன்னா மண் ஒட்டும். மண்ணெண்ணெய்ல கழுவினா காய்ஞ்சதும் கட்டாயம் எண்ணெய் விடணும். கிராங்க்ல செருப்பு உரசி பெயின்ட் போறது சகஜம். அழகு வேணும்னா அந்த இடத்துல டேப் ஒட்டுங்க, இல்லைன்னா விட்டுடுங்க.

கடைசியா நிறுத்துற விஷயம். மழையில நனைஞ்ச சைக்கிளை அப்படியே பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினா ஈரம் உள்ளேயே தங்கி வேகமா துரு பிடிக்கும். கடற்கரைக்குப் போய் வந்தா வீட்டுத் தண்ணிய ஊத்தி உப்பைக் கழுவி, காய்ஞ்ச பிறகு மூடுங்க.

கலர் வெளுக்கிறது, செருப்பு தேய்ச்ச தடம் இதெல்லாம் வெறும் தோற்றம்தான். ஆனா போர்க், ஹேண்டில் இறங்குற கழுத்து, பைப்பும் பைப்பும் சேர்ற பத்த வச்ச இடம் இங்கெல்லாம் பெயின்ட் உப்பினாலோ கீறல் விட்டிருந்தாலோ, நெயில் பாலிஷ் பாட்டிலை மூடி வச்சிட்டு, அன்னைக்கே சைக்கிள் கடைக்கு உருட்டிக்கிட்டே போங்க. ஓட்டிக்கிட்டுப் போகாதீங்க.