கூட்டம் வெளியே, பெற்றோர் உள்ளே

வேதபாடம்: மாற்கு 5:35-43



திருச்சியில் ஊழியம் செய்கிற எனக்கு ஐ.சி.யூ. வாசல் பழகிப்போன இடம். ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வந்து, புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடிவருகிற குடும்பங்களைப் பார்க்கிறேன். உள்ளே வென்டிலேட்டரில் அப்பா. வெளியே பாய் விரித்து அம்மாவும் பிள்ளைகளும். "உள்ள என்ன நடக்குதுன்னே தெரியல பாஸ்டர். நாங்க என்னதான் செய்றது?" என்று கேட்கிறார்கள். இதற்கு யவீருவின் வீட்டில் பதில் இருக்கிறது.

1. கூட்டத்தை வெளியே அனுப்பினார்

அந்த வீட்டில் அழுகையும் சந்தடியும் நிறைந்திருந்தது. இயேசு எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். ஆண்டவரே கூட்டத்தைக் குறைத்தார் என்றால், நாம் வேன் வைத்து இருபது பேர் போய் ஐ.சி.யூ. வாசலில் சத்தமிட்டு ஜெபிப்பது சரியா? அடுத்த கட்டிலில் படுத்திருப்பவரும் யாரோ ஒருவருடைய தகப்பன் அல்லவா? உள்ளே இருப்பவர்களுக்கு எதிர்ப்பு சக்தி குறைவு. சளி, இருமல் இருந்தால் உள்ளே போகாதீர்கள். போகும்போதும் வரும்போதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அபிஷேக எண்ணெய் பூச வேண்டுமானால் சிஸ்டரிடம் கேளுங்கள். ஆக்சிஜன் ஓடுகிற இடத்தில் எண்ணெய் ஆபத்து. வீட்டிலிருந்து ஏறெடுக்கிற ஜெபத்தையும் கர்த்தர் கேட்கிறார்.

2. பெற்றோரை உள்ளே அழைத்துப்போனார்

இதைக் கவனியுங்கள்! எல்லாரையும் அனுப்பினவர், தகப்பனையும் தாயையும் அனுப்பவில்லை. உலகம் இதை இப்போதுதான் கற்றுக்கொள்கிறது. பிரேசில் நாட்டில் 36 ஐ.சி.யூ.க்களில் நடந்த ஓர் ஆய்வு 2019ல் வெளிவந்தது. குடும்பத்தார் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை உடனிருக்க அனுமதித்துப் பார்த்தார்கள். நோய்த்தொற்று கூடவில்லை. நோயாளியின் மனக்குழப்பம் பெரிதாகக் குறையவும் இல்லை. ஆனால் குடும்பத்தாரின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. நம் நாட்டிலும், டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில், தீவிர சிகிச்சையிலுள்ள பச்சிளங்குழந்தைகளின் பெற்றோரைப் பயிற்சி கொடுத்து உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். கை கழுவுவது முதல் மார்போடு அணைத்து வைப்பது வரை சொல்லிக்கொடுத்தார்கள். 2017ல் மத்திய சுகாதார அமைச்சகம் இதற்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

ஆனாலும் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு முறை உண்டு. வாட்ச்மேனோடு சண்டை போடாதீர்கள். டாக்டரிடம் பேசக் குடும்பத்தில் ஒருவரை வையுங்கள். கேள்விகளை நோட்டில் எழுதிக் கேளுங்கள். "நாங்க செய்யக்கூடிய வேலை ஏதாவது இருக்கா சிஸ்டர்?" என்று தாழ்மையாய்க் கேளுங்கள். தலை வாரிவிடுவது, காலுக்குக் கிரீம் தடவுவது போன்ற சின்ன வேலையைக் கொடுப்பார்கள்.

3. கையைப் பிடித்தார், பேசினார்

அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து, அவள் வீட்டில் பேசின பாஷையிலேயே அழைத்தார். நீங்களும் கையைப் பிடித்து மெதுவாய்ப் பேசுங்கள். "அப்பா, நான் உங்க பெரிய மக. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்க" என்று சொல்லுங்கள். அவருடைய கண்ணாடியையும் காது மெஷினையும் கேட்டுவிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இங்கே ஒரு முக்கியமான காரியம். சில பெரியவர்கள் ஐ.சி.யூ.வில் ஆள் தெரியாமல் கத்துவார்கள், குழாயைப் பிடுங்குவார்கள், இல்லாததைப் பார்ப்பார்கள். உடனே "பிசாசு பிடிச்சிருச்சு" என்று துரத்த ஆரம்பிக்காதீர்கள். இதை டாக்டர்கள் டெலிரியம் என்கிறார்கள். நோய்த்தொற்று, தூக்கமின்மை, சில மருந்துகள் இவற்றால் வரும். அவருக்கு அப்போது தேவை அதட்டல் அல்ல, பழகின குரல்.

4. சாப்பிடக் கொடுக்கச் சொன்னார்

பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுந்து நடந்த பிறகு, ஆகாரம் கொடுக்கும்படி சொன்னார். ஏற்ற வேளையில் வீட்டாரிடம் வேலையை ஒப்படைத்தார். வேளை வருமுன் நாம் கொடுக்கக்கூடாது. "ஒரு வாய் இளநீர்தானே" என்று ஒளித்துக் கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சபையே, உன் பங்கு என்ன?

சோர்ந்துபோன எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் வைத்தான், தூங்கவிட்டான் (1 இராஜாக்கள் 19:5-8). வராந்தாவில் மூன்று நாள் தூங்காத அந்த அம்மாவுக்கு இட்லி கொண்டுபோங்கள். "நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்கம்மா, நான் உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லுங்கள். பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்புங்கள். பஸ்ஸுக்கும் மருந்துக்கும் சகாயம் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. எல்லா வீட்டிலும் பிள்ளை எழுந்து நடப்பதில்லை. கர்த்தர் அவரைத் தம்மண்டை அழைத்துக்கொண்டால், "உங்களுக்கு விசுவாசம் பத்தல" என்ற வார்த்தை நம் வாயிலிருந்து வரவே கூடாது. லாசருவை எழுப்பப்போகிறவரும் கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). சுகத்துக்காக விசுவாசத்தோடு ஜெபிப்போம், சிகிச்சையையும் நிறுத்தாமல் தொடருவோம், முடிவு எதுவானாலும் அந்தக் குடும்பத்தின் பக்கத்தில் நிற்போம்.

ஜெபம்: ஆண்டவரே, இன்று இரவு ஐ.சி.யூ. கட்டிலில் இருப்பவர்களையும், வாசலில் விழித்திருப்பவர்களையும், அங்கே வேலை செய்கிற டாக்டர்களையும் நர்ஸுகளையும் தொடும். எங்கள் கைகளைச் சுத்தமான, உதவுகிற கைகளாக்கும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென்.