பக்கத்து வீட்டு நாய் நம் முற்றத்துக்கு வரும்போது

சென்ற மாதம் ஒரு தாய் தம் ஆறு வயது மகனை எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வந்தார். இரண்டு நாளாகக் காய்ச்சல் என்றார். சிறுவனைப் பரிசோதித்தபோது வலது கணுக்காலுக்கு மேலே காய்ந்துபோன மூன்று கீறல்களைக் கண்டோம். அவை எப்படி வந்தன என்று கேட்டதும் தாய் சற்றுத் தயங்கினார். பக்கத்துத் தோட்டத்து நாய் நாள்தோறும் தங்கள் வாசலுக்கு வரும் என்றும், ஐந்து நாட்களுக்கு முன் சிறுவன் கையிலிருந்த முறுக்கைப் பறிக்க வந்தபோது அதன் பல் பட்டது என்றும் சொன்னார். பின்னர் குரலைத் தாழ்த்தி, "ஆஸ்பத்திரிக்குப் போனோம்னு தெரிஞ்சா அவங்க மனசு சங்கடப்படும் டாக்டர். எங்களுக்குப் பாதையே அவங்க நிலத்து வழியாத்தான்" என்றார்.

காய்ச்சலுக்குக் காரணம் வேறு. அது தானே தணிந்தது. கீறல்களில் இரத்தம் கசிந்ததா என்று கேட்டோம். லேசாகக் கசிந்தது, மஞ்சள் வைத்துவிட்டோம் என்றார். அன்றே சிகிச்சையைத் தொடங்கினோம். ஆனால் அவர் சொன்ன காரணம் எங்கள் மனத்தை விட்டு அகலவில்லை. கன்னிவாடியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் நாய்க்கடிக்குத் தாமதமாக வருவோர் பலர். பணமின்மையோ, பேருந்து கிடைக்காததோ, அறியாமையோ மட்டும் அதற்குக் காரணம் அல்ல. அயலாரின் முகம் வாடிவிடுமே என்ற கூச்சமும் ஒரு காரணம். அந்தக் கூச்சத்தை நாங்கள் இழிவாகக் கருதவில்லை. ஒரே வரப்பில் நடந்து, ஒரே கிணற்றில் நீர் இறைத்து வாழ்பவர்களுக்கு உறவு என்பது பெரிய சொத்து. எனினும் இந்த ஒரு விஷயத்தில் அதற்கு இடம் கொடுத்தால் இழப்பது உயிராக இருக்கலாம்.

வெறிநாய்க்கடி நோய்க்கு எதிராக மனிதனுக்கு முதன்முதலாகப் பாஸ்டர் அளித்த சிகிச்சையின் வரலாற்றில் இதற்குப் பொருத்தமான செய்தி ஒன்று உண்டு. 1885 ஜூலை 4 அன்று ஐரோப்பாவின் அல்சாஸ் பகுதியில் ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனை ஒரு நாய் கடித்துக் குதறியது. உடலில் பதினான்கு காயங்கள். ஜூலை 6 அன்று பாரிஸ் நகரில் லூயி பாஸ்டரின் முன் மூவர் வந்து நின்றனர். ஒருவன் அந்தச் சிறுவன். மற்றொருவர் அவன் தாய். மூன்றாமவர் தியோடோர் வோன் என்ற மளிகைக்கடைக்காரர். கடித்த நாய் அவருடையது. அவரையும் அது கடித்திருந்தது. ஆனால் பல் சட்டையைத் தாண்டவில்லை என்று கண்ட பாஸ்டர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். பாஸ்டர் மருத்துவர் அல்லர். ஆதலால் கிரான்ஷே என்ற மருத்துவரே ஊசி போட்டார். பதின்மூன்று ஊசிகள் போடப்பட்டன. சிறுவன் பிழைத்தான், பிற்காலத்தில் பாஸ்டர் நிலையத்திலேயே காவலராகப் பணிபுரிந்தான். இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பாஸ்டரைப் பேசுவார்கள், சிறுவனைப் பேசுவார்கள். நாய்க்கு உரியவரும் உடன் வந்தார் என்பதைச் சொல்பவர் குறைவு. நமக்கு இங்கே வேண்டியது அந்த மூன்றாமவர்தான்.

ஏன் என்றால், கடித்த நாய் யாருடையது, அது இப்போது எப்படி இருக்கிறது என்பது சிகிச்சைக்கு உதவும் செய்தி. ரேபிஸ் கிருமி நாயின் உமிழ்நீரில் இருந்து பிறருக்குப் பரவும் நிலையில் இருந்தால், பொதுவாக அந்த நாய் பத்து நாட்களுக்குள் நோய்வாய்ப்பட்டு இறந்துவிடும். கடித்த நாளிலிருந்து பத்து நாள் அது நலமாக உண்டு உலவினால், கடித்தபோது அதன் உமிழ்நீரில் கிருமி இல்லை என்று கொள்ளலாம். மீதமுள்ள ஊசிகளை மருத்துவர் அதற்கேற்ப மாற்றி அமைப்பார். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே பொருந்தும். சண்டை மூண்டால் என்ன நடக்கிறது? நாயை அடித்துக் கொன்றுவிடுகிறார்கள்; அல்லது உரியவர் அதை வண்டியில் ஏற்றி வேறு ஊரில் விட்டுவிட்டு, "எங்க நாயே இல்லை" என்கிறார். இரண்டிலும் கடிபட்டவருக்கே நட்டம். ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டுப் பிறகு ஊசி போடலாம் என்று இருந்துவிடக் கூடாது. ஊசி முதல் நாளே தொடங்க வேண்டும். நாயைக் கவனிப்பது அதனுடன் நடக்க வேண்டும்.

வெறிநாய்க்கடி நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கிருமி காயத்தின் வழியே நரம்பை அடைந்து, நரம்பின் வழியே மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்களில் நோய் வெளிப்படும். சிலருக்கு ஒரு வாரத்திலும், அரிதாக ஓராண்டுக்குப் பின்னும் வெளிப்படுவது உண்டு. முகம், கழுத்து, கை ஆகிய இடங்களில் கடிபட்டால் விரைவு அதிகம். குழந்தைகளின் உயரத்துக்கு நாயின் வாய் முகத்தருகே இருப்பதால் அவர்களுக்கு ஆபத்தும் அதிகம். நீரைக் கண்டும் காற்றுப் பட்டும் தொண்டை இறுகும் நிலை வந்துவிட்டால் எங்களால் வேதனையைத் தணிக்க முடியுமே அன்றி, உயிரைக் காப்பது ஏறத்தாழ இயலாது. இதே நோயை, உரிய காலத்தில் சோப்பும் ஊசியும் கிடைத்தால் முற்றிலும் தடுத்துவிட முடிகிறது. மருத்துவத்தில் இவ்வளவு பெரிய வேறுபாடு வேறு எந்த நோயிலும் உண்டா என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வதுண்டு.

பல் பட்டவுடன்

காயத்தை ஓடும் நீரில், சோப்பு போட்டு, பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவ வேண்டும். தோட்டத்தில் மோட்டார் ஓடுமானால் அந்தக் குழாயே போதும். துணி துவைக்கும் சோப்பானாலும் பரவாயில்லை. பிறகு பொவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினி இருந்தால் தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், காப்பித் தூள், எண்ணெய், பச்சிலை ஆகிய எதையும் வைக்கக் கூடாது. அவை புண்ணை எரித்துக் கிருமியை உள்ளே செல்ல விடுகின்றன. கட்டும் போட வேண்டாம்.

தோலில் நாய் நக்கியது மட்டும், தோலில் கீறலும் இல்லை என்றால் கழுவினால் போதும். தோல் லேசாகக் கீறி, இரத்தம் வராமல் இருந்தால் தடுப்பூசி வேண்டும். இரத்தம் கசிந்தாலோ, புண்ணிலும் வாய், கண் போன்ற மென்படலங்களிலும் நாயின் எச்சில் பட்டாலோ தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டும். தடுப்பூசி போட்டபின் உடல் தன் எதிர்ப்பாற்றலை உருவாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் கிருமி நரம்பை எட்டாதபடி, தயார்நிலையில் உள்ள எதிர்ப்பொருளைக் காயத்தின் உள்ளேயும் சுற்றிலும் செலுத்துகிறோம். புண்ணில் ஊசி குத்தும்போது குழந்தை அழுவதைக் கண்டு பெற்றோர் போதும் என்று கெஞ்சுவதுண்டு. அந்த வேளையில் பெற்றோர் மனம் தளராமல் குழந்தையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற அச்சம் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. அது ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்பட்ட பழைய தடுப்பூசியின் நினைவு. இந்தியாவில் 2004ஆம் ஆண்டோடு அது கைவிடப்பட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் இரு தோள்களிலும் தோலுக்குள் சிறிதளவு மருந்து செலுத்துகிறார்கள்; 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நான்கு முறை. தசையில் போடும் முறையானால் 0, 3, 7, 14, 28 என ஐந்து முறை. முதல் ஊசி போடும் நாளே 0 நாள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசிக்குக் கட்டணம் இல்லை. முன்பே முழுமையாக ஊசி போட்டுக்கொண்டவருக்கு மறுபடி கடிபட்டால் 0, 3 ஆகிய இரு நாட்கள் போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. ஆகையால் பழைய ஊசி அட்டையைக் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். கருவுற்றவரும் பாலூட்டும் தாய்மாரும் ஊசி போட்டுக்கொள்ளலாம். பத்தியம் எதுவும் இல்லை. ஐந்து நாளோ ஐம்பது நாளோ கழிந்திருந்தாலும், "காலம் கடந்துவிட்டது" என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், வந்துவிடுங்கள்.

தென்னிந்தியாவுக்கு இந்த வசதி எளிதில் வந்துவிடவில்லை. 1902இல் லில்லி பேக்கன்ஹம் வால்ஷ் என்ற பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். தென்னிந்தியாவில் அப்போது இதற்கான சிகிச்சை நிலையம் இல்லை. அந்த இறப்பால் எழுந்த முயற்சியும், ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் அளித்த ஒரு லட்ச ரூபாயும் சேர்ந்து குன்னூரில் பாஸ்டர் நிலையத்தை உருவாக்கின. 1907இல் அது திறக்கப்பட்டது. அதற்கு முன் கடிபட்டவர் வடக்கே கசௌலி மலைவரை பயணம் செய்ய வேண்டியிருந்தது. இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஊசி கிடைக்கிறது.

வீட்டில் நோயாளி இருப்பவர்களுக்கு

இம்மடலைப் படிப்பவர்களில் பலர் நீண்டகால நோயாளிகளைப் பராமரிப்பவர்கள். சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவருக்குக் காலில் பல் பட்டதே தெரியாமல் போகலாம். முற்றத்து நாய் காலை உரசிச் சென்ற நாளில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். வாசலில் கயிற்றுக்கட்டிலில் படுத்திருக்கும் முதியவரின் புண்களை நாய் நக்குவதை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம்; அதையும் கடிக்குச் சமமாகவே கருத வேண்டும். புற்றுநோய் சிகிச்சை பெறுவோர், ஸ்டீராய்டு மருந்தை நீண்டநாள் உட்கொள்வோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு உடலின் எதிர்ப்பாற்றல் குறைவு. இவர்களுக்கு இரத்தம் வராத கீறலுக்கும் இம்யூனோகுளோபுலின் கொடுக்கிறோம். ஊசி போட வருகையில் அந்த மருந்துச் சீட்டையும் கொண்டு வந்து காட்டுங்கள்.

மாடு வைத்திருப்போருக்கு ஒரு சொல். நாய் கடித்த மாட்டின் பாலை நன்றாகக் காய்ச்சினால் கிருமி அழிந்துவிடும். ஆபத்து மாட்டின் வாயில்தான். தீனி விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும் மாட்டின் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கையை விட்டுவிடாதீர்கள். முதலில் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

இனி, நாயை வரவிடாமல் செய்வது எப்படி? இதில் எங்களுக்கு மருத்துவப் பட்டம் உதவாது. இந்த மண்ணில் குடியிருப்பவர்கள் என்ற முறையில் சொல்கிறோம். நாய் காரணமின்றி வருவதில்லை. மீன் கழுவிய நீர், கறி எலும்பு, கோழிக் கழிவு, கன்று ஈன்ற மாட்டின் நஞ்சுக்கொடி ஆகியவையே பெரும்பாலும் அதை இழுக்கின்றன. நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் பழைய வழக்கத்துக்கு எந்த நோக்கம் சொல்லப்பட்டாலும், நாய்க்கு எட்டாமல் போவது ஒரு நன்மையே. மரம் இல்லாதவர்கள் ஆழமாகப் புதைத்துவிடலாம். கிளுவை வேலி மேலே எவ்வளவு அடர்ந்திருந்தாலும் அடியில் சந்து இருக்கும். நாய் அதன் வழியேதான் வரும். அங்கே முள்ளை வெட்டிப் போடுங்கள், அல்லது கம்பி வலையைக் கொஞ்சம் மண்ணுக்குள் புதைத்துக் கட்டுங்கள். வாசலுக்கு ஒரு படல் போதும். விரட்டியபின் இரக்கப்பட்டு ஒரு கவளம் சோறு வைப்பவர் வீட்டில் இருந்தால் மேற்சொன்ன எதுவும் பயன்படாது; எங்கள் அனுபவத்தில் அது பெரும்பாலும் பாட்டியாக இருக்கிறார்.

குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்: நாய் நெருங்கினால் ஓடாதே, கத்தாதே, அதன் கண்ணை உற்றுப் பார்க்காதே; கையிலுள்ள தின்பண்டத்தைக் கீழே போட்டுவிட்டு அசையாமல் நில். உண்ணும் நாயையும் குட்டி போட்ட நாயையும் நெருங்காதே.

பூச்சிமருந்தைச் சோற்றில் கலந்து வைப்பது நம் தோட்டங்களில் எளிது. கையெட்டும் தூரத்தில் டப்பா இருக்கிறது. அதே சோற்றைத் தொட்ட குழந்தைக்கும் கோழிக்கும் அதே கதிதான். நாயைக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மறுபுறம், தம் விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறும் உரிமையாளருக்கு அதே சட்டத்தின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இதைச் சொல்வது காவல் நிலையத்துக்குப் போகச் சொல்வதற்காக அன்று; இரு தரப்புக்கும் பொறுப்பு உண்டு என்று தெரிவதற்காக.

பேசுவதற்கு உகந்த நேரம் கடிபடுவதற்கு முன்பு. வெயில் தாழ்ந்தபின், வேறு யாரும் இல்லாத வேளையில், "உங்க நாய்" என்று தொடங்காமல், "பிள்ளைக பயப்படுது, ராத்திரி மட்டுமாவது கட்டிப் போட முடியுமாண்ணே" என்று தொடங்கலாம். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்பதில் தவறில்லை. மூன்று மாதக் குட்டிக்கு முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. கால்நடை மருந்தகத்தில் போடுவார்கள். முடிந்தால் நீங்களே உடன் செல்லுங்கள். வேட்டைக்கும் காவலுக்கும் நாய் வளர்த்த மரபு நம்முடையது; நாயைப் பற்றி அக்கறையாகப் பேசினால் வளர்ப்பவர் முகம் மலர்வதையே கண்டிருக்கிறோம். உரியவர் இல்லாத தெருநாய் என்றால் பேரூராட்சியில் மனுக் கொடுக்கலாம். 2023ஆம் ஆண்டு விதிகளின்படி கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடுவார்கள்.

அந்தச் சிறுவனின் தாயிடம் நாங்கள் ஒன்றைக் கேட்டுக்கொண்டோம்: மருத்துவர் நாயைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்று பழியை எங்கள் மேல் போட்டுப் பேசுங்கள் என்று. அவர் அப்படியே பேசினார். கவனிக்க வேண்டிய பத்து நாளில் எஞ்சியிருந்த ஐந்து நாளும் பக்கத்துத் தோட்டக்காரர் நாயைக் கட்டி வைத்தார். அது நலமாகவே இருந்தது. இந்த வாரம் சிறுவனுக்கு 28ஆம் நாள் ஊசி. வாசலுக்குப் படல் கட்டியாயிற்றாம். நாய் வருவதில்லை, ஆனால் கோழிக்குஞ்சுகள் படலின் இடுக்கில் நுழைந்து வெளியே போய்விடுகின்றன என்று தாய் குறைபட்டுக்கொண்டார்.